தோளில் பிளேட் வைப்பதற்கு முன்னால்: எலும்பு மருத்துவர்களுக்கு ஒரு மடல்

எலும்பு மருத்துவர்களுக்கு வணக்கம்.

சைக்கிளிலிருந்து பக்கவாட்டில் விழுந்து தோள்முனையில் காறை எலும்பு வந்து சேரும் மூட்டு விலகிய ஆள் நான். காறை எலும்பின் நுனி மேலே துருத்திக்கொண்டு நின்றது. விரலால் அழுத்தினால் ஆர்மோனியக் கட்டை மாதிரி இறங்கும், விட்டால் எழும்பும். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, "மூன்றாம் வகை, ஜவ்வு கிழிந்திருக்கிறது, நாளைக்கே ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார். சரி என்றேன். அந்த மேட்டைக் கண்ணாடியில் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

வைத்தது ஹூக் பிளேட், அதாவது காறை எலும்பை அழுத்திப் பிடிக்கும் கொக்கி வைத்த உலோகத் தகடு. அதன் கொக்கி தோள்முனை எலும்புக்கு அடியில் போய் உட்காரும், கையைத் தூக்கும்போதெல்லாம் அங்கே உராயும், சிலருக்கு அந்த எலும்பையே அரிக்கும், அதனால் சில மாதத்தில் அதைக் கழற்ற இன்னொரு ஆபரேஷன் உண்டு என்பதெல்லாம் தையல் பிரித்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பிளேட் இருந்தவரை கை தோள் உயரத்தைத் தாண்டவில்லை. பனியனை வீட்டில் யாராவது உரித்தெடுக்க வேண்டும், குழந்தைக்குச் செய்வது போல.

அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன் (முன்னாடியே படித்திருக்க வேண்டும், அது என் தப்பு). இந்தக் காயத்தை ராக்வுட் என்ற எலும்பு மருத்துவர் பிரித்த ஆறு வகையில் முதல் இரண்டுக்கு ஸ்லிங்கும் (கையைத் தாங்கும் தூளிக்கட்டு) பிசியோவும் போதும், கடைசி மூன்றுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன். மூன்றாம் வகையில் உங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. 2015இல் வெளிவந்த கனடா ஆய்வில், மூட்டு முழுதாக விலகியவர்களில் ஹூக் பிளேட் வைத்தவர்களைவிட வைக்காதவர்களுக்கே முதல் சில மாதங்கள் கை நன்றாக வேலை செய்தது, 2 வருடத்தில் வித்தியாசம் இல்லை, எக்ஸ்ரே மட்டும் ஆபரேஷன் செய்தவர்களுக்கு அழகாக இருந்தது. 2018இல் வெளிவந்த, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 60 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பிளேட்டுக்குப் பதில் சின்ன உலோகப் பட்டனும் நூலும் போட்டு இழுத்துக் கட்டியும், ஒரு வருடத்தில் கையின் செயல்பாட்டில் அதே கதைதான்.

ஆபரேஷனே கூடாது என்று சொல்ல வரவில்லை. எடின்பரோவிலும் சும்மா விட்டவர்களில் சிலர் பிறகு ஆபரேஷனுக்கு வந்தார்கள். நாள் கடந்தால் கிழிந்த ஜவ்வு தானாகச் சேராது, வேறு இடத்திலிருந்து தசைநாண் எடுத்துக் கட்ட வேண்டிவரும் என்பதும் தெரியும். ஆனால் அந்தக் கணக்கு முழுவதையும் எங்களிடம் சொல்லுங்கள், "நாளைக்கே" என்பதற்கு முன்னால். முதல் இரண்டு வாரம் ஸ்லிங்கில் இருந்து யோசித்தால் பொதுவாக வாய்ப்பு கைவிட்டுப் போவதில்லை. தலைக்கு மேல் கையைத் தூக்கி வேலை செய்கிறவரா, மேடு தெரிந்தால் மனசு கஷ்டப்படுமா என்றுகூடக் கேட்கலாம். என்னை யாரும் கேட்கவில்லை.

பிளேட்டைக் கழற்றிய பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் காறை எலும்பு கொஞ்சம் மேலேறித்தான் இருக்கிறது. மேடு பாதி திரும்பிவிட்டது, மேலே ஒரு தழும்பும் சேர்ந்திருக்கிறது. கை இப்போது முழுசாகத் தூக்க வருகிறது. பனியனை நானே கழற்றுகிறேன்.