செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் செயற்குழு இந்த ஆண்டும் மாதம் தவறாமல் கூடியது. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளம் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

"கட்டிவிட்டோம், வந்து பாருங்கள்" என்று ஓர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். போனோம். வாசலில் மூன்று படி, மொத்தம் 45 சென்டிமீட்டர் உயரம். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்ற கணக்குப்படி சாய்தளம் 540 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். அளந்தால் 180! மேலே வழவழவென்று டைல்ஸ் வேறு. சாய்தளம் கேட்டோம், சறுக்குமரம் கட்டியிருந்தார்கள். என் சக்கர நாற்காலி பாதியிலேயே பின்னால் நழுவியது. காவலாளி ஓடிவந்து, "எதுக்கு சார் சிரமம், ரெண்டு பேர் தூக்கிட்டாப் போச்சு" என்றார். நல்ல மனிதர்தான். மூட்டை மாதிரி தூக்கப்படுவது எப்படி இருக்கும் என்பது தூக்கப்பட்டவருக்குத்தானே தெரியும்.

சரி, உள்ளே போயாயிற்று. மனுவை வாங்கியவர் என்னைப் பார்க்கவே இல்லை, கூட வந்த பொருளாளரிடம், "இவர் கையெழுத்துப் போடுவாரா?" என்று கேட்டார். சங்கத்தின் கடிதம் அத்தனையிலும் இருப்பது என் கையெழுத்துதான். பொருளாளர், "அவரையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையும் உண்டு. துடைப்பமும் வாளிகளும் அதில் சௌகரியமாக இருக்கின்றன.

பார்வையற்ற உறுப்பினர்களின் முறையீடு நடைபாதையின் மஞ்சள் ஓடுகள் பற்றியது. அவற்றில் மேடாக இருக்கும் கோடு காலிலோ கோலிலோ தட்டுப்பட்டால் நடக்கலாம், புள்ளி தட்டுப்பட்டால் நின்று கவனிக்க வேண்டும். 1967-ல் ஜப்பானின் ஒகயாமாவில் முதன்முதலாகப் பதித்த ஏற்பாடு இது. இங்கே கோட்டைப் பிடித்து நடந்தால் நேராக ஒரு கம்பத்தில் போய் முட்டுகிறோம். அப்புறம், பஸ்சுக்காக நின்றிருந்த ஓர் உறுப்பினரை யாரோ கேட்காமலே கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சாலையின் எதிர்ப்பக்கம் விட்டுவிட்டார். பஸ் போய்விட்டது.

நம் பிழையையும் சொல்ல வேண்டும். போன ஆண்டு இந்த அறிக்கையை நான் வாசித்தபோது, காது கேளாத உறுப்பினர்கள் முன்வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சைகை மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய எனக்குத் தோன்றவே இல்லை. இந்த முறை என் பக்கத்திலேயே நிற்கிறார். மெதுவாக வாசிக்கச் சொல்லியிருக்கிறார்.

அந்த அலுவலகத்துக்கு இரண்டு கடிதம் போட்டோம். 2006-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் அணுகல் பற்றிப் பேசும் 9-ஆம் பிரிவையும் சுட்டிக்காட்டினோம். பதில் இல்லை. "திருத்திக் கட்டும் முன் எங்களைக் கூப்பிடுங்கள், அளவு நாடாவோடு வருகிறோம்" என்று மூன்றாவது கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.