ஆண்டறிக்கை 2025: சம்பளமும் ராஸ்டரும்

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் அண்ணன், பொருளாளர் அக்கா, பல்லாவரம், நங்கநல்லூர், பம்மல்னு நம்ம மீனம்பாக்கத்தை சுத்தி இருக்கிற, ஏடிஆர்ங்கிற சின்ன ப்ரொப்பெல்லர் பிளேன் ஓட்டுற கேப்டன்கள், கோ-பைலட்டா இருக்கிற ஃபர்ஸ்ட் ஆபீசர்கள், லீவு நாள்னும் பாக்காம குழந்தைங்களை தூக்கிட்டு வந்திருக்கிற வீட்டுக்காரங்க எல்லாருக்கும் செயலாளரா என்னோட வணக்கம். ராஸ்டர்ல, அதாவது டியூட்டி அட்டவணைல, மாட்டிக்கிட்டு வர முடியாதவங்களுக்காக இதை டைப் பண்ணி குரூப்லயும் போடுறேன், பொறுமையா படிங்க.

ஜூன் 12-ஆம் தேதி அகமதாபாத் விமான விபத்துல 260 பேர் போயிட்டாங்க. அந்த மாச கூட்டத்தை வேற எதுவும் பேசாம மௌன அஞ்சலியோட முடிச்சோம். நம்ம யாரும் அந்த ஃப்ளைட்ல இல்லைன்னு தெரிஞ்சும் அன்னிக்கு எங்க அம்மா திருநெல்வேலில இருந்து நாலு தடவை போன் பண்ணாங்க. உங்க வீட்டுலயும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இந்த வருஷம் மொத்தம் ஏழு கூட்டம் போட்டோம். மார்ச் கூட்டத்துக்கு ஆள் ரொம்ப கம்மி, சம்மர் ஷெட்யூல் மாறுற நேரம், அதை குறையா சொல்லலை. மெடிக்கல் ரினியூவல் பத்தி ஒரு கூட்டம், இன்சூரன்ஸ் பத்தி ஒரு கூட்டம், ரெண்டும் நல்லபடியா முடிஞ்சது, விவரம் மினிட்ஸ்ல இருக்கு. நான் இங்க விரிவா எழுத நினைக்கிறது ஜூலை கூட்டத்தைப் பத்தி, ஏன்னா அதுக்கப்புறம் வருஷம் முழுக்க நாம பேசினது எல்லாம் அங்க இருந்து கிளம்புனது தான்.

அன்னிக்கு நம்ம தம்பி ஒருத்தர், ஃபர்ஸ்ட் ஆபீசர், கையில ரெண்டு ஆஃபர் லெட்டரோட வந்தார். ஒண்ணு ஹைதராபாத் பேஸ், அதாவது டியூட்டி அந்த ஊர்ல இருந்து தான் கிளம்பும், கேப்டன் அப்கிரேடு சீக்கிரம் கிடைக்கும், சம்பளம் இப்ப வாங்குறதை விட ரொம்ப அதிகம். இன்னொண்ணு சென்னை பேஸ்லயே இருக்கலாம், சம்பளம் கொஞ்சம் தான் ஏறும். அவர் மனைவியும் வந்திருந்தாங்க, கைக்குழந்தை தோள்ல தூங்கிட்டு இருந்துச்சு. நாங்க அஞ்சாறு பேர் லெட்டரோட பின்பக்கத்துல பென்சில்ல கணக்கு போட்டோம், ஃபிக்ஸ்ட் பே இவ்வளவு, ஓவர்டைம் மணிக்கு இவ்வளவு, வெளியூர்ல ராத்தங்குற லேயோவர் அலவன்ஸ் இவ்வளவு, பிடித்தம் போக கைக்கு இவ்வளவுன்னு. கால் மணி நேரம் எல்லாத்தையும் கேட்டுட்டு அந்த தங்கச்சி ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "மாசத்துல எத்தனை ராத்திரி வீட்டுல தூங்குவார்னு இதுல எங்கண்ணா எழுதியிருக்கு?"

ரெண்டு லெட்டரையும் திருப்பி திருப்பி பாத்தோம். எங்கயும் எழுதலை. பேஸ் எப்ப வேணா மாத்தலாம்னு எழுதியிருக்கு, பாண்ட் எத்தனை வருஷம்னு எழுதியிருக்கு, பாதில போனா எவ்வளவு கட்டணும்னு எழுதியிருக்கு. வீட்டு ராத்திரி மட்டும் இல்லை. பத்து வருஷமா கையெழுத்து போட்டுட்டு வர்ற எனக்கு அந்தக் கேள்வி அதுவரைக்கும் தோணவே இல்லை, அதை இங்க பதிவு பண்ணியே ஆகணும்.

ஏடிஆர் ஓட்டுறவங்களுக்கு இந்தக் கேள்வி ஏன் பெருசுன்னா, நமக்கு காசு பெரும்பாலும் பிளாக் டைமுக்கு தான். வீலுக்கு வச்ச தடுப்புக் கட்டையை எடுத்ததுல இருந்து திரும்ப கட்டை வைக்கிற வரைக்கும். டெல்லி போயிட்டு வர்ற ஜெட் பைலட் ரெண்டே லேண்டிங்ல சுமாரா அஞ்சரை மணி நேரம் சேத்துடுவார், ரிப்போர்ட்டிங், நடுவுல பிளேன் இறங்கி திரும்ப கிளம்புற டர்ன்அரவுண்ட் எல்லாம் சேத்து ஏழரை மணி நேரத்துல வேலை முடிஞ்சிடும். அதே அஞ்சரை மணி நேரத்தை நாம சேக்கணும்னா சேலம் மாதிரி ஒரு மணி நேரத்துக்கும் கம்மியான செக்டார், அதாவது ஒரு தடவை கிளம்பி இறங்குற பயணம், ஆறு போடணும். ஆறு டேக்ஆஃப், ஆறு லேண்டிங், நடுவுல அரை மணி அரை மணியா அஞ்சு டர்ன்அரவுண்ட், முன்னாடி ஒரு மணி ரிப்போர்ட்டிங். ஒம்பது மணி நேரம் ஆயிடும். சம்பளக் கணக்குல ரெண்டு பேரும் ஒண்ணு, உடம்புக் கணக்குல ஒண்ணே இல்லை.

அந்த டர்ன்அரவுண்ட் அரை மணியும் சும்மா உக்காந்திருக்கிற நேரம் இல்லைன்னு நமக்கு தெரியும், வீட்டுக்காரங்களுக்காக சொல்றேன். தரையில நிக்கும்போது கரெண்ட் கொடுக்குற ஏபியூங்கிற சின்ன எஞ்சின் நம்ம பிளேன்ல கிடையாது. தரையில ஏசியும் கரெண்ட்டும் வேணும்னா வலது பக்க எஞ்சினை ஓடவிட்டு ப்ரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி வைப்போம், ஹோட்டல் மோடுன்னு சொல்வோம். பின்னாடி இருந்து காத்து பலமா அடிச்சா அதுவும் முடியாது. மே மாசம் திருச்சி வெயில்ல காக்பிட்டுக்குள்ள சட்டை முதுகோட ஒட்டிக்கிட்டு, ஒரு கையில லோட்ஷீட், ஒரு கையில தண்ணி பாட்டில், அடுத்த செக்டாருக்கு டேட்டா போட்டுட்டு இருப்போம். அது பிளாக் டைம்ல சேராது. கம்பெனிக்கு அது தரையில நிக்கிற நேரம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசாம சோபால சாஞ்சா கோவம்னு நினைக்காதீங்க, ஆறு லேண்டிங் முடிச்ச அசதி அது.

அதனால ஃபிக்ஸ்ட் மணிநேரம்னு காண்ட்ராக்ட்ல ஒரு வரி வருதே, அது தான் நம்ம உயிர்நாடி. பறந்தாலும் பறக்காட்டியும் இத்தனை மணி நேரத்துக்கு காசு உண்டுங்கிற உத்தரவாதம். 2024 ஏப்ரல்ல விஸ்தாரா ஏர்லைன்ஸ்ல என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். புது காண்ட்ராக்ட்ல ஃபிக்ஸ்ட் 70 மணி நேரத்துல இருந்து 40-க்கு இறங்குனப்போ பைலட்டுகள் நிறைய பேர் உடம்பு சரியில்லைன்னு சொல்ல, ஃப்ளைட்டு மேல ஃப்ளைட்டா கேன்சல் ஆகி, கடைசில கம்பெனி தினம் 25, 30 ஃப்ளைட்டை குறைச்சுக்க வேண்டியதா போச்சு. வெளிய இருந்து பாத்தவங்க லட்சக்கணக்குல சம்பளம் வாங்குறவங்களுக்கு என்ன குறைன்னு கேட்டாங்க. பேசுனது சம்பளத்தை மட்டும் இல்லை. ஃபிக்ஸ்ட் குறைஞ்சா பழைய காசை எடுக்க லீவு நாளை வித்துத்தான் ஓட்டணும், அதைத்தான் யாரும் கேக்கலை.

அடுத்தது டியூட்டி டைம் விதிகள். விமானத் துறையை கண்காணிக்கிற டிஜிசிஏ 2024 ஜனவரில கொண்டு வந்த புது விதி, தள்ளி தள்ளி போய், டெல்லி ஹைகோர்ட் வரைக்கும் வழக்கு நடந்து, 2025 ஜூலை 1-ஆம் தேதி ஒரு பகுதியும் நவம்பர் 1-ஆம் தேதி மீதியும் நடைமுறைக்கு வந்துச்சு. வாராந்திர ஓய்வு 36 மணி நேரத்துல இருந்து 48 ஆச்சு. ராத்திரிங்கிறது பன்னெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும்னு இருந்தது ஆறு வரைக்கும் ஆச்சு. ராத்திரி லேண்டிங் ஆறுன்னு இருந்தது ரெண்டு ஆச்சு. கேக்குறவங்களுக்கு வெறும் நம்பர். காலைல அஞ்சேமுக்காலுக்கு கிளம்புற ஃப்ளைட்டுக்கு ரெண்டரை மணிக்கு அலாரம் வச்சு, பக்கத்துல படுத்திருக்கிறவங்க முழிக்கக் கூடாதுன்னு இருட்டுலயே யூனிஃபார்ம் பட்டனை தடவி தடவி போட்டுக்கிட்டு, நாலரைக்கு ரிப்போர்ட் பண்றவங்களுக்கு தான் அந்த ஒரு மணி நேரம் என்னன்னு தெரியும். இதுக்காக கோர்ட்டுக்கு போன பைலட் சங்கங்களுக்கு நம்ம செப்டம்பர் கூட்டத்துல நன்றி தீர்மானம் போட்டோம்.

டிசம்பர்ல நடந்தது உங்க எல்லாருக்கும் தெரியும். இண்டிகோல புது விதிக்கு தேவையான ஆள் பத்தலை, டிசம்பர் 5-ஆம் தேதி ஒரே நாள்ல ஆயிரத்துக்கு மேல ஃப்ளைட் ரத்து. ஏர்போர்ட்ல ஜனங்க பட்ட பாட்டை கண்ணால பாத்தோம், மனசு கேக்கலை. ஆனா அன்னிக்கே டிஜிசிஏ ஒரு வரியை வாபஸ் வாங்குனாங்க, லீவை வாராந்திர ஓய்வுக்கு பதிலா கணக்குல வைக்கக் கூடாதுங்கிற வரி. அதோட இண்டிகோவோட ஏ320 ஜெட் பைலட்டுகளுக்கான ராத்திரி கட்டுப்பாடுலயும் 2026 பிப்ரவரி 10 வரைக்கும் விலக்கு கொடுத்தாங்க. அந்த ஒரு வரி போனது என்ன பெரிய விஷயம்னு நம்ம இளவட்டங்க சிலர் கேட்டாங்க. நம்ம உறுப்பினர் ஒருத்தர் தங்கச்சி கல்யாணத்துக்கு ரெண்டு நாள் லீவு போட்டார், எந்த கம்பெனின்னு சொல்ல வேணாம். கல்யாண வீட்டுல ரெண்டு ராத்திரி கண்ணு மூடலை, பந்தல்ல இருந்து பந்தி வரைக்கும் எல்லாம் அவர் தான் பாத்தார். திரும்பி வந்து ராஸ்டரை பாத்தா அந்த ரெண்டு நாளே அந்த வார ஓய்வா போயிருக்கு, மறுநாள் காலைல ஆறு செக்டார். லீவு வேற ஓய்வு வேற. இந்த வரி திரும்ப வரணும்னு டிசம்பர் 21 கூட்டத்துல ஒருமனதா தீர்மானம் போட்டு கடிதம் அனுப்பியிருக்கோம்.

அக்டோபர்ல 2009 பஃபலோ விபத்தைப் பத்தி ஒரு வகுப்பு நடத்துனோம். அமெரிக்காவுல ஒரு ரீஜினல் கம்பெனி, கோல்கன் ஏர், நம்ம மாதிரியே டர்போப்ராப் பிளேன், 50 பேர் இறந்தாங்க. வேகம் குறைஞ்சு பிளேன் விழப் போகுதுன்னு எச்சரிக்கிற ஸ்டால் வார்னிங் வந்தப்போ கேப்டன் தப்பா ரெஸ்பான்ட் பண்ணது தான் காரணம்னு விசாரணை அறிக்கை சொல்லுது. அதே விசாரணைல வெளிவந்த இன்னொரு விஷயம், அந்த கோ-பைலட் பொண்ணோட வருஷ சம்பளம் கிட்டத்தட்ட 16,000 டாலர், வேலை நியூவார்க்ல, வீடு நாட்டோட அந்தக் கோடில சியாட்டில் பக்கம், முந்தின ராத்திரி முழுக்க பிளேன் ஏறி ஏறி வேலைக்கு வந்திருக்காங்க. சம்பளம் கம்மின்னா வேலை இருக்கிற ஊர்ல வீடு எடுக்க முடியாது, வீடு எடுக்க முடியலைன்னா தூக்கம் போகும். நம்மள்ல சிலர் சம்பளம் வேற வாழ்க்கை வேறன்னு பேசுறாங்க, எனக்கு அப்படி தோணலை, ஒண்ணோட குறை இன்னொண்ணுல தான் போய் விழும். இறந்தவங்களோட குடும்பங்க விடாம போராடி தான் அங்க புது ஓய்வு விதி வந்துச்சு. அங்க ரீஜினல் சம்பளம் பெருசா ஏறுனது 2022-ல, ஓட்ட ஆள் கிடைக்காதப்போ.

நம்ம பக்கமும் காலம் மாறுது. தூத்துக்குடி ரன்வே 1,350 மீட்டர்ல இருந்து 3,115 மீட்டர் ஆயிடுச்சு, ஜூலை 26 அன்னிக்கு புது டெர்மினலும் திறந்தாச்சு. இத்தனை நாள் நம்ம ஏடிஆர் மாதிரி சின்ன பிளேன் மட்டும் இறங்குன இடத்துல இனி பெரிய ஜெட்டும் இறங்கலாம். அதனால ஏடிஆரை விட்டு ஜெட்டுக்கு போகலாமான்னு நிறைய தம்பிங்க கேக்குறாங்க. போங்க, தப்பே இல்லை. ஆனா கேப்டன்னா ஒரு வருஷம், ஃபர்ஸ்ட் ஆபீசர்னா ஆறு மாசம் நோட்டீஸ், 2017-ல இருந்து இது தான் விதி, அந்த நோட்டீஸ் காலம் எப்படி போகும்னு வீட்டுல உக்காந்து பேசிட்டு பேப்பரைப் போடுங்க.

ஜூலை தங்கச்சி கேட்ட கேள்விக்கு வர்றேன். அதை வச்சு ஒரு பக்க படிவம் ஒண்ணு தயார் பண்ணியிருக்கோம், கையெழுத்துக்கு முன்னாடி கம்பெனில கேட்டு எழுதி வாங்க வேண்டியது. போன மூணு மாச ராஸ்டர்ல அந்த பேஸ் ஆளுங்க எத்தனை ராத்திரி வீட்டுல இருந்தாங்க, ராஸ்டர் எத்தனை நாள் முன்னாடி வரும், வந்தப்புறம் எத்தனை தடவை மாறும், கூப்பிட்டா உடனே வர தயாரா வீட்டுல காத்திருக்கிற ஸ்டாண்ட்பைக்கு காசு உண்டா, டியூட்டிக்காக பயணியா உக்காந்து போற டெட்ஹெட் நேரம் கணக்குல வருமா, பேஸ் மாத்தினா வீடு மாத்துற செலவு யாரோடது. எல்லா கம்பெனியும் பதில் சொல்லாது. சொல்லாததும் நமக்கு ஒரு பதில் தான்.

அந்தத் தம்பி சென்னைலயே இருந்துட்டார். அதே மாசம் இன்னொருத்தர், ட்ரெயினிங்குக்கு வாங்குன அரை கோடி கடன் இன்னும் பாக்கி, அப்பா நிலத்தை அடமானம் வச்சு கொடுத்தது, அவர் அதிக சம்பளத்துக்கு வெளியூர் பேஸ்க்கு போனார். நிலப் பத்திரம் பேங்க்ல இருக்கிற வரைக்கும் தூக்கம் வரலைண்ணான்னு என்கிட்ட சொன்னார். ரெண்டு பேர் முடிவும் சரின்னு தான் நான் நினைக்கிறேன், நம்ம சங்கத்துல யாரும் யாரையும் காசு பின்னாடி போறான்னோ தைரியம் இல்லைன்னோ பேசக் கூடாதுன்னு கேட்டுக்கிறேன். நவம்பர் கூட்டத்துல அப்படி ஒரு பேச்சு வந்து ரெண்டு பேர் எழுந்து போனாங்க. அது எனக்கு ரொம்ப வருத்தம்.

மத்த விஷயங்கள். நவம்பர் கடைசில டிட்வா புயலப்போ யாழ்ப்பாணத்துல இருந்து சொந்தக்காரங்களை பாக்க வந்து இங்க மாட்டிக்கிட்ட ஒரு குடும்பத்துக்கு நம்ம உறுப்பினர் வீட்டுல மூணு நாள் இடம் கொடுத்தாங்க, அவங்களுக்கு நன்றி. வரவு செலவு பொருளாளர் அக்கா தனியா வாசிப்பாங்க, சந்தா பாக்கி வச்சிருக்கிறவங்க இந்த மாசத்துக்குள்ள கட்டிடுங்க. துணைத் தலைவர் அண்ணன் ஊருக்கே போறதால அந்தப் பொறுப்பு காலியா இருக்கு. இந்தத் தடவை வீட்டுக்காரங்கள்ல ஒருத்தர் வரணும்னு முன்மொழியறேன், ஜூலைல கேள்வி கேட்ட தங்கச்சி பேரையே சொல்றேன், அவங்ககிட்ட சம்மதமும் வாங்கிட்டேன்.

படிவம் வாசல்ல மேஜை மேல இருக்கு, ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கோங்க. அடுத்த கூட்டம் பிப்ரவரி ரெண்டாவது வாரம், விலக்கு முடியுற 10-ஆம் தேதிக்கு அப்புறம். எந்த நாள்னு பிப்ரவரி ராஸ்டர் கைக்கு வந்ததும் குரூப்ல போடுறேன்.