அறுபத்துநான்கு எழுத்தையும் காது கொடுத்துக் கேட்டவருக்கும் மற்றவர்களுக்கும்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் நாகலூரிலிருந்து போன் வந்தது. "போட்டாச்சுங்க, ஓடுதுங்க" என்றார் எஸ்டேட் கணக்கர். எங்கள் பட்டியலில் பாக்கி இருந்த கடைசிக் கணினி அதுதான். இப்போது எங்கள் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரிடமும், அனுப்பும் தகவலைப் பூட்டும் நிரலான ஓப்பன்எஸ்எஸ்எல் 3.5 ஏறிவிட்டது. இதற்குக் கைகொடுத்தவர்களில் பாதிப்பேருக்கு, தாங்கள் எதற்கு உதவினோம் என்பதே சரியாகத் தெரியாது. அதனால் இந்த நன்றி மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடியில் மூன்று பேர் உட்கார்ந்து தராசுக்கும் பில்லுக்கும் மென்பொருள் எழுதுகிறோம். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகள், ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலைகள், ஏற்காட்டில் காபியும் மிளகும் எடுக்கிறவர்கள், இவர்கள்தான் எங்கள் ஆட்கள். பகல் முழுக்க எடை போட்டதை ராத்திரி பூட்டுப் போட்டு எங்கள் சர்வருக்கு அனுப்பும் வேலையும் அந்த மென்பொருளுக்கு உண்டு. பூட்டு மட்டும் நாங்கள் செய்ததில்லை. அது ஓப்பன்எஸ்எஸ்எல். 1998 முதல் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து வைக்கப்பட்டிருக்கும் நிரல்.

அந்தக் குழு காலங்காலமாகக் கொடுத்து வந்தது மூல நிரலைத்தான். லினக்ஸ் வைத்திருப்பவருக்கு அதில் கவலையில்லை, அவரவர் டிஸ்ட்ரோவே, அதாவது லினக்ஸ் தொகுப்பே, ஓடும் நிரலாகக் கட்டிக் கொடுத்துவிடும். விண்டோஸ்காரர் பாடுதான் திண்டாட்டம். மரவள்ளிக் கிழங்கை மூட்டையாக இறக்கிவிட்டு, ஜவ்வரிசியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்பது போல. ஆலை வைத்திருப்பவர் எடுப்பார். மற்றவர், வேறு யாரோ கட்டி வைத்த இன்ஸ்டாலரைத்தான் தேடிப் போக வேண்டும். அப்படிக் கட்டிக் கொடுப்பவர்களில் பல வருஷமாக ஒழுங்காகச் செய்பவர்களும் உண்டு. தேடிப் போகிறவருக்கு யார் அப்படி, யார் இப்படி என்று தெரியாது என்பதுதான் சிக்கல்.

நாகலூர் கணக்கருக்கு நடந்தது அதுதான். ஐயா, உங்களுக்கு நன்றி சொல்வதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். நாங்கள் அனுப்பிய புது வெர்ஷனோடு சேர வேண்டிய டிஎல்எல் கோப்பை, அதாவது மென்பொருள் ஓடும்போது துணைக்கு எடுத்துக்கொள்ளும் ஓப்பன்எஸ்எஸ்எல் கோப்பை, சேர்க்க மறந்துவிட்டோம். லிப்கிரிப்டோ (அந்தக் கோப்பின் பெயர்) காணவில்லை என்று திரையில் வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, எங்கள் போனும் எடுக்கவில்லை. அவர் அந்தப் பெயரை அப்படியே தேடி, டிஎல்எல்லை ஒற்றையாகக் கொடுக்கும் ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கிப் போட்டுவிட்டார். கூடவே வேறு என்னென்னவோ வந்து இறங்கியது. கணினியைத் துடைத்து, ஒரு வாரத்து மிளகுக் கணக்கை நோட்டைப் பார்த்து மறுபடி அடித்தார். எங்களைத் திட்டியிருக்கலாம். "நீங்களே கட்டிக் கொடுத்தா நான் ஏங்க வெளியில தேடப் போறேன்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு கேள்விதான் இந்த வேலையைத் தொடங்கி வைத்தது. நாங்கள் அதுவரை வைத்திருந்த 1.1.1 வரிசைக்கும் 2023 செப்டம்பர் 11-ஆம் தேதியோடு இலவசத் திருத்தங்கள் நின்றுபோயிருந்தன. எப்படியும் மாற்றியாக வேண்டும். 2030 ஏப்ரல் வரை பராமரிப்பு உண்டு என்பதால் 3.5-ஐ எடுத்தோம்.

அஸ்தம்பட்டி ஐயாவுக்கு அடுத்த நன்றி. ஓய்வுபெற்ற ஆசிரியர், தொண்ணூறுகளிலிருந்தே பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதியவர். விண்டோஸில் ஓப்பன்எஸ்எஸ்எல் கட்ட மூல நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் மைக்ரோசாஃப்டின் சி கம்பைலர் வேண்டும், அதே மாதிரி வேலை செய்யும் நாஸ்ம் என்ற அசெம்ப்ளர் வேண்டும், பெர்லும் வேண்டும். எல்லாம் போட்டிருந்தோம். கான்ஃபிகர் கட்டளை அடித்தவுடன், இந்தப் பெர்ல் விண்டோஸ் மாதிரிப் பாதைகளைத் தரவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. நாங்கள் இரண்டு நாள் பெர்லை அழித்து அழித்துப் போட்டோம். ஐயா வந்து காபியைக் கையில் வாங்கிக்கொண்டே, "எந்தப் பெர்ல்ன்னு கேட்டீங்களா?" என்றார். கேட்கவில்லை. நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியை நிறுவும்போது அதோடு ஒரு பெர்ல் வந்து உட்கார்ந்திருக்கிறது, பாதைகளை யுனிக்ஸ் பாணியில் எழுதும் பெர்ல். அதுதான் முந்திக்கொண்டு ஓடியிருக்கிறது. விண்டோஸுக்கென்றே வரும் ஸ்ட்ராபெரி பெர்லை வரிசையில் முன்னால் வைத்தார், கட்டும் கருவியான என்மேக் ஓடத் தொடங்கியது. காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

அவர் கேட்ட இன்னொரு கேள்விக்கு மட்டும் என்னிடம் இன்னும் முழுப் பதில் இல்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் நிரல் நூலகத்தில் கள்ளக் கதவு வைத்த கதை வெளியே வந்ததே, அதில் விஷத்தை ஓட வைக்கும் துண்டு கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியிட்ட டார் என்ற தொகுப்புக் கோப்பில்தான் இருந்தது. "அப்போ நீங்க கட்டினதும் மூலத்துல இருக்கிறதும் ஒண்ணுதான்னு நான் எப்படிப்பா நம்பறது?" என்றார். இறக்கிய கோப்பின் கையொப்பத்தைச் சரிபார்த்தோம், அது ஒத்துப்போனது. அப்புறம் இரண்டு கணினிகளில் தனித்தனியாகக் கட்டி ஒப்பிட்டோம், அது ஒத்துப்போகவில்லை. கட்டிய நேரமும் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடுகிறது. நேரத்தைக் கழற்றிவிட்டுக் கட்டவும் வழி உண்டு. பாக்கி வேலைப் பட்டியலில் முதல் வரி அதுதான், ஐயா.

பெயரைப் போட வேண்டாம் என்று சொன்ன ஒரு கல்லூரியின் லேப் அக்காவுக்கு நன்றி. புதிதாக விண்டோஸ் மட்டும் போட்ட ஆறு கணினிகளை ஒரு சனிக்கிழமை முழுக்க எங்களிடம் விட்டார். எங்கள் மாடியில் சொன்னபடி கேட்ட இன்ஸ்டாலர் அங்கே ஆறிலும் விழுந்தது. மைக்ரோசாஃப்டின் துணைக் கோப்பான விசிரன்டைம்140 இல்லை என்றது. நிரல் எழுதுகிறவன் கணினியில் அது எப்போதோ வந்து குடியேறியிருக்கும், ஆலை ஆபீஸில் இருக்காது. "உங்க வீட்டு அடுப்புல மட்டும் பொங்குற பொங்கலா இது?" என்று அக்கா கேட்டது எங்கள் மூவருக்கும் காலத்துக்கும் போதும். மதியத்துக்குத் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

அதே லேப்பில் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்த இரண்டாம் ஆண்டுத் தம்பிக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது. எல்லாம் ஓடுகிறது என்று நாங்கள் பையைக் கட்டும்போது, "அண்ணா, ஓப்பன்எஸ்எஸ்எல் வெர்ஷன் மைனஸ் டி-ன்னு போட்டுப் பார்த்தீங்களா?" என்றான். போட்டேன். அமைப்புக் கோப்பை எங்கே தேட வேண்டும் என்று நூலகத்துக்குள் ஒரு முகவரி பதிந்திருக்கும், அதைக் காட்டும் கட்டளை அது. காட்டிய முகவரி என் சொந்தக் கணினியின் டி டிரைவில் நான் வேலை பார்த்த ஃபோல்டர்!

இது ஏன் சின்ன விஷயமில்லை என்று சொல்லிவிடுகிறேன். அந்த அமைப்புக் கோப்பில், இன்ன டிஎல்எல்லை ஏற்று என்று ஒரு வரி எழுத முடியும். பல ஆலைக் கணினிகளில் டி டிரைவ் என்று ஒன்றே கிடையாது, சொருகும் பென்டிரைவ்தான் டி ஆகிறது. அதே பெயரில் ஃபோல்டர் வைத்த பென்டிரைவை யாராவது சொருகினால், எங்கள் மென்பொருளே கதவைத் திறந்து உள்ளே கூப்பிடும். இதே சாயலில் ஒரு குறையை ஓப்பன்எஸ்எஸ்எல் குழுவே 2019-இல் சிவிஇ-2019-1552 என்ற பாதுகாப்புக் குறை எண்ணில் அறிவித்துத் திருத்தியது. மிங்டபிள்யூ என்ற வேறொரு கம்பைலர் தொகுப்பு வழியாகக் கட்டியவற்றில் முகவரி சி டிரைவின் அடியிலிருக்கும் யுஎஸ்ஆர் ஃபோல்டரைக் காட்டியது, விண்டோஸில் சாதாரணப் பயனரும் அந்த இடத்தில் ஃபோல்டர் போட முடியும். அந்த அறிவிப்பை நான் படித்தவன். படித்தும் என் வீட்டில் அதையே செய்து வைத்திருந்தேன். அன்று ராத்திரியே முகவரியை புரோகிராம் ஃபைல்ஸுக்குள், நிர்வாகி மட்டும் கை வைக்கும் இடத்துக்கு மாற்றி மறுபடி கட்டினோம். தம்பி, இந்த வரியை நீ உன் பயோடேட்டாவில் போட்டுக்கொள், யார் கேட்டாலும் நாங்கள் ஆமாம் என்போம்.

32-பிட்டில் மட்டும் ஓடும் பழைய எடைமேடைக் கணினியைக் காயலான் கடைக்குப் போடாமல் எங்களுக்காக வைத்திருந்த ஓமலூர் அண்ணனுக்கும் நன்றி. எங்கள் டிஎல்எல்லை எங்கள் ஃபோல்டரிலேயே வை, விண்டோஸ் சிஸ்டம் ஃபோல்டரில் கொட்டாதே, மற்ற மென்பொருள்கள் சண்டைக்கு வரும் என்று அங்கேதான் கற்றோம்.

இன்ஸ்டாலரில் மின் கையொப்பமிடச் சான்றிதழ் வாங்கியது தனிக் கதை. எங்கள் ஆடிட்டர் அம்மா இல்லையென்றால் நடந்திருக்காது. ஜிஎஸ்டி பத்திரத்தில் தெருப்பெயர் ஒரு ஸ்பெல்லிங், கரண்ட் பில்லில் இன்னொரு ஸ்பெல்லிங். வெளிநாட்டில் உட்கார்ந்து சரிபார்க்கிறவருக்கு அவை இரண்டு தெருக்கள். மூன்று வாரம் கடிதம் போட்டு ஒரே தெருவாக்கினார். 2023 ஜூனிலிருந்து கையொப்பமிடும் ரகசியச் சாவியைக் கணினியில் கோப்பாக வைக்க விடுவதில்லை, டோக்கன் போன்ற தனி வன்பொருளில்தான் வைக்க வேண்டும். எங்கள் டோக்கன் அம்மாவின் பீரோவில் இருக்கிறது. கையொப்பத்தில் நேர முத்திரையும் சேர வேண்டும், சேர்த்தால் சான்றிதழ் காலாவதியான பிறகும் கையொப்பம் செல்லும் என்று நான் விளக்கப் போனேன். "பத்திரத்துக்குத் தேதி வேணும்னு நீ எனக்குச் சொல்றியா" என்றார்.

கையொப்பமிட்டும் விண்டோஸ் நம்பவில்லை. புதுக் கோப்பு, நிறையப் பேர் இறக்கியதில்லை என்பதால் நீலத் திரை போட்டு எச்சரித்தது. ஆத்தூர்ப் பக்கத்து ஆலை மேனேஜர் அதோடு நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிட்டார். "மிரட்டுற மாதிரி எது வந்தாலும் அமுக்காதீங்கன்னு போன வருஷம் நீங்கதானே சொன்னீங்க? இப்போ அமுக்குங்கறீங்க." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். நேரில் போனோம். கோப்பின் பிராப்பர்ட்டீஸில் கையொப்பத்தைத் திறந்து எங்கள் பெயரைக் காட்டினோம், ஜிஎஸ்டி பில்லில் இருக்கும் பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அமுக்கினார். இப்போது எல்லோருக்கும் அனுப்பும் குறிப்பில் அவர் செய்த முறையைத்தான் எழுதியிருக்கிறோம்.

கடைசியாக மலை. மழை பிடித்தால் நாகலூரில் நெட் நூலாகிவிடும். இன்ஸ்டாலர் பாதியில் பாதியில் அறுந்தது. சரி என்று பென்டிரைவில் போட்டு ஏற்காடு பஸ்ஸில் கொடுத்தனுப்பினோம். இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி அது பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததற்குக் கண்டக்டர் அண்ணனுக்கு நன்றி. வழியில் கை மாறும் பொருள் என்பதால் கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 எண்ணைப் போனில் சொல்லிச் சரிபார்ப்பது என்று ஏற்பாடு. மொத்தம் 64 எழுத்து, சுழியம் முதல் 9 வரையும், ஏ முதல் எஃப் வரையும். கரகரக்கும் போனில் பி, சி, டி, ஈ எல்லாம் ஒரே சத்தம். கணக்கர்தான் வழி சொன்னார். ஏ அம்மாப்பேட்டை, பி பஸ் ஸ்டாண்டு, சி செர்ரி ரோடு, டி தாதகாப்பட்டி, ஈ எடப்பாடி, எஃப் ஃபேர்லேண்ட்ஸ். நான்கு நான்காகச் சொன்னேன். "7, எடப்பாடி, எடப்பாடி, 3. தாதகாப்பட்டி, 0, பஸ் ஸ்டாண்டு, 9." கீழே டீக்கடையில் நின்றவர்கள் நான் டவுன் பஸ் விடுவதாக நினைத்திருப்பார்கள்.

ஆரம்பத்திலேயே அவர் நிறுத்தினார். "எனக்கு செர்ரி ரோட்லதாங்க ஆரம்பிக்குது." சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் செர்ரி ரோடு. "அப்போ நான் போடலீங்க" என்று வைத்துவிட்டார். அவசரப்பட்டிருந்தால் என் டி டிரைவ் முகவரி உள்ள பழைய இன்ஸ்டாலர் அவர் கணினியில் ஏறியிருக்கும். அதே பென்டிரைவில் அதை அழிக்காமல் விட்டிருந்தது நான்தான். மறுநாள் புதுக் கோப்பைத் திறந்து 64 எழுத்தையும் மறுபடி பொறுமையாகக் கேட்டார், ஒத்துப்போனது, போட்டார்.

இன்னொன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சிலர் இதை ஓப்பன்எஸ்எஸ்எல்லின் அதிகாரபூர்வ இன்ஸ்டாலர் என்று அடுத்தவருக்குக் கொடுப்பதாகக் கேள்விப்பட்டோம். இது அப்படியில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் அப்பாச்சி 2.0 உரிமம் கட்டிக் கொடுக்க அனுமதிக்கிறது, அவர்கள் பெயரை நம் பெயராகப் போட்டுக்கொள்ள அனுமதிக்கவில்லை. உரிமக் கோப்பை உள்ளேயே வைத்திருக்கிறோம். இது எங்கள் வாடிக்கையாளருக்கு நாங்கள் பொறுப்பேற்றுக் கொடுப்பது, அவ்வளவுதான். பூட்டைச் செய்து சும்மா கொடுத்துக்கொண்டிருக்கும் அந்தக் குழுவுக்கு எங்கள் பங்காக இந்த வருஷம் ஒரு சிறு தொகை அனுப்பியிருக்கிறோம். கொலுசுப் பட்டறைக்காரர்கள் கேட்காமலேயே அதில் சேர்ந்துகொண்டார்கள், அவர்களுக்கும் நன்றி.

திருத்தம் வரும்போதெல்லாம் இதே வேலை மறுபடி இருக்கிறது. அதனால் நாகலூர் ஐயா, அந்தப் பென்டிரைவ் உங்களிடமே இருக்கட்டும். செர்ரி ரோட்டில் ஆரம்பிக்கிற கோப்பை மட்டும் அழித்துவிடுங்கள்.

நன்றியுடன்,
ஐந்து ரோடு மாடியிலிருந்து மூன்று பேர், சேலம்