பந்தை வைத்திருந்த சதவீதம் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கால்பந்துச் செய்திகளுக்குக் கீழே நீங்கள் போடும் புள்ளிவிவரப் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். எந்த அணி எத்தனை சதவீத நேரம் பந்தை வைத்திருந்தது, எத்தனை பாஸ், எத்தனை கார்னர் என்று அதில் இருக்கும். வியாசர்பாடியில் என்னிடம் பயிற்சிக்கு வரும் பையன்கள் அதை ஒரு வரி விடாமல் படிக்கிறார்கள். அப்புறம் மைதானத்தில், கோலுக்கு முன்னால் ஆள் காலியாக நின்றாலும் பந்தைப் பின்னாலேயே தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

2022 உலகக் கோப்பையில் ஸ்பெயின் - மொராக்கோ ஆட்டம் 120 நிமிடம் நடந்தது. ஸ்பெயின் ஆயிரத்துக்கும் மேல் பாஸ் கொடுத்தது. முக்கால்வாசி நேரம் பந்து அவர்கள் காலில்தான். கோல் ஒன்றுகூட இல்லை. பெனால்டியில் மொராக்கோ 3-0 என்று ஜெயித்தது. உங்கள் பெட்டியை மட்டும் பார்த்தால் ஏன் தோற்றார்கள் என்று யாருக்கும் புரியாது.

இதற்காகவே ‘எக்ஸ்ஜி’ (xG, அதாவது எதிர்பார்க்கக்கூடிய கோல்கள்) என்று ஒரு கணக்கு இருக்கிறது. முன்பு அடிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான ஷாட்களை வைத்து, இந்தத் தூரத்தில், இந்தக் கோணத்தில், காலால் அல்லது தலையால் அடித்தால் கோலாக எவ்வளவு வாய்ப்பு என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் மதிப்பு போடுவார்கள். பெனால்டி என்றால் அந்த வாய்ப்பு முக்கால் பங்குக்குச் சற்று மேல். தூரத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதற்கு மிகச் சொற்பம். எல்லாவற்றையும் கூட்டினால் ஓர் அணி உண்மையில் எவ்வளவு நல்ல வாய்ப்புகளை உருவாக்கியது என்று தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட கணக்கு பெரிய கிளப்புகள் யாரைப் பயிற்சியாளராக எடுப்பது என்று தீர்மானிக்கவே உதவியிருக்கிறது. 2014-15 பருவத்தின் பாதியில், யூர்கன் கிளாப் பயிற்சியளித்த டார்ட்மண்ட் அணி ஜெர்மன் லீக்கின் 18 அணிகளில் 17வது இடத்தில் கிடந்தது. கிளாப் கதை முடிந்தது என்று பலர் பேசினார்கள். இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்பில் ஆய்வுப் பிரிவை நடத்திய இயன் கிரகாம், இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர், அந்த ஆட்டங்களின் தரவை எடுத்துப் பார்த்தார். டார்ட்மண்ட் உருவாக்கிய வாய்ப்புகளுக்கும் வந்த முடிவுகளுக்கும் பொருத்தமே இல்லை; அணி நன்றாகத்தான் ஆடியிருக்கிறது, அதிர்ஷ்டம்தான் இல்லை. மைன்ஸ் அணியிடம் டார்ட்மண்ட் 2-0 என்று தோற்ற ஆட்டத்தைப் பற்றி, கிளாப் லிவர்பூலுக்கு வந்த பின் அவரிடம் கிரகாம் விவரமாகப் பேசினார். அந்த ஆட்டத்தை கிரகாம் கண்ணால் பார்த்ததே இல்லை! 2015 அக்டோபரில் லிவர்பூலின் பயிற்சியாளராக வந்த கிளாப், 2019இல் சாம்பியன்ஸ் லீக்கையும் 2020இல் பிரீமியர் லீக்கையும் வென்றார்.

எண்ணைத் தப்பாகப் படிக்கவும் முடியும். 1950இல் நோட்டும் பென்சிலுமாக எண்ணத் தொடங்கிய இங்கிலாந்தின் சார்லஸ் ரீப், பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸுக்குள் வருவதைக் கண்டு, நேராக நீளமாக அடிப்பதே சரி என்றார். ஆனால் ஆட்டத்தில் பெரும்பாலான தாக்குதல்களே மூன்று பாஸுக்குள் அறுந்துவிடுகின்றன. எத்தனை முயற்சிக்கு எத்தனை கோல் என்று அவர் சரியாகப் பார்க்கவில்லை.

ஆகவே இரண்டே வரி கூடுதலாகக் கேட்கிறேன். இரு அணிகளின் எக்ஸ்ஜி ஒரு வரி, பெனால்டி பாக்ஸுக்குள்ளிருந்து அடித்த ஷாட்கள் ஒரு வரி. இடம் இல்லை என்றால் கார்னர் எண்ணிக்கையை எடுத்துவிடுங்கள். முதல் வாரம் மட்டும் எக்ஸ்ஜி என்றால் என்ன என்று ஒரு சிறு விளக்கம் போட்டால், மீதியை எங்கள் பையன்களே பிடித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு கால்பந்துப் பயிற்சியாளர்,
வியாசர்பாடி, சென்னை.