கார்புரேட்டரைக் கழற்றி வைத்துவிட்டேன்

டென்வர்
நவம்பர் 16

அன்புள்ள மாப்ளே,

பொங்கலுக்குப் போட்டதுதான் கடைசிக் கடிதம். அதற்கு நீ எழுதிய பதில் இன்னும் என் மேசை டிராயரில்தான் இருக்கிறது. இத்தனை மாதம் பதில் போடாதது என் தப்பு. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு மட்டும் குளிர் ஆரம்பித்ததிலிருந்து இருமல். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்பச் சந்தோஷம்.

இப்போது உட்கார்ந்து எழுத வைத்தது ஒரு போன்தான். போன ஞாயிற்றுக்கிழமை நம்ம மில்காரன் பேசினான். நீ ஜீப்பிலிருந்து பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் சொல்கிறபடி பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் போடப் போகிறாயாம், பழைய மாருதியிலிருந்து பம்பு, இன்ஜெக்டர், கம்ப்யூட்டர் எல்லாம் வாங்கி வைத்துவிட்டாயாம். பம்பைச் சேஸிஸில் கட்டி, இருக்கிற ஹோஸையே மாட்டி ஓட்டிப் பார்க்கப் போகிறாய் என்றான். அதைக் கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் இதே வேலையை இந்த வருஷம் நான் என் வண்டியில் செய்து முடித்திருக்கிறேன், நீ செய்யப் போவதாக அவன் சொன்ன அத்தனையையும் நானும் செய்தேன். நீ ஸ்பானரை எடுப்பதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

என் வண்டி உனக்குத் தெரியும். 1978 செவர்லே கே10, நாலு சக்கர டிரைவ், 350 வி8. 5.7 லிட்டர். மேலே உட்கார்ந்திருந்தது ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டர். முன்னால் ரெண்டு சின்ன வாய், பின்னால் ரெண்டு பெரிய வாய். மெதுவாகப் போகும்போது முன்வாய் ரெண்டும் கஞ்சத்தனமாகப் பெட்ரோல் கொடுக்கும், முழுசாக மிதித்தால் பின்வாய் திறந்து 'ஹோ'வென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே அதை இத்தனை வருஷம் வைத்திருந்தேன். ஆனால் அதன் அடியில் உள்ள கிணற்று அடைப்புகள் கசிய ஆரம்பித்தால் ராத்திரி முழுக்கப் பெட்ரோல், எஞ்சினுக்குக் கலவை போகும் குழாயான மேனிபோல்டுக்குள் இறங்கிவிடும். காலையில் செல்ப் அடித்து அடித்து பாட்டரிதான் இறங்கும். உள்ளே மிதக்கும் ப்ளோட் வேறு ஒருவித நுரைப் பிளாஸ்டிக். நாளாக ஆகப் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துப் போகும்.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை, மாப்ளே. என்னைத் தோற்கடித்தது மலை. டென்வரே 5,280 அடியில் இருக்கிறது. இங்கிருந்து மேற்கே ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்கு ஏறினால் 11,158 அடி. ஊட்டியே ஏழாயிரத்துச் சொச்சம்தான் என்று நினைத்துப் பார். போன வருஷம் ஜார்ஜ்டவுன் ஏற்றத்தில் கறுப்புப் புகை கக்கி, கேபினுக்குள் பெட்ரோல் வாடை தாங்காமல் குழந்தைகளை இறக்கி ஓரமாக நிற்கவைத்தேன். அன்றைக்குத்தான் குன்னூர் ஞாபகம் வந்தது. அதே ஜீப், அதே புகை. நம்ம மெக்கானிக் மேஸ்திரி ஒன்றும் பேசாமல் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, அதற்குள்ளிருந்து, பெட்ரோலை அளந்து விடும் சின்ன மெயின் ஜெட்டைத் தேடி மாட்டியது ஞாபகம் இருக்கிறதா? இறங்கும்போது மேட்டுப்பாளையத்தில் மறுபடி பெரிய ஜெட். "ஒரு உயரத்துக்கு ஒரு ஜெட்டுடா" என்றார். அன்றைக்கு எனக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது, கணக்கு இப்போதுதான் புரிகிறது. மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறைகிறது. கார்புரேட்டர் வழியாக வரும் பெட்ரோலும் குறையத்தான் செய்கிறது, ஆனால் காற்று குறைகிற அளவுக்கு இல்லை, அதன் வர்க்கமூல அளவுக்குத்தான். ஏற ஏறக் கலவை ரிச் ஆவது, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாவது, அதனால்தான்.

இன்ஜெக்ஷனில் மேஸ்திரியின் தீப்பெட்டி வேலையை ஒரு சின்ன சென்சார் பார்க்கிறது. மேனிபோல்டில் எவ்வளவு அழுத்தம் என்று சொல்வது அது. சாவி போட்டதும், எஞ்சின் சுற்றுவதற்கு முன்னாலேயே, வெளிக்காற்றின் அழுத்தத்தைப் படித்துக்கொள்கிறது. கடல் மட்டத்தில் 100 கிலோபாஸ்கல், என் வீட்டு வாசலில் 83 போல, சுரங்கப்பாதை வாயில் 67 போல. அந்த எண்ணையும் எஞ்சின் வேகத்தையும் வைத்து எவ்வளவு நேரம் இன்ஜெக்டர் திறக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது.

நான் கடையில் கிடைக்கும் புதுக் கிட் எதையும் வாங்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1987 முதல் 1995 வரை இதே 350 எஞ்சினுக்குத் தானே இன்ஜெக்ஷன் போட்டு விற்றது. கார்புரேட்டர் இருக்கும் இடத்திலேயே ஒரு திராட்டில் பாடி, அதன் தலையில் ரெண்டு இன்ஜெக்டர், அவ்வளவுதான். இங்குள்ள பழைய வண்டி யார்டில் அப்படி ஒரு வண்டி நொறுங்கிக் கிடந்தது. நம்ம சென்னைப் புதுப்பேட்டைதான், இங்கே பேரம் பேச முடியாது, அது ஒன்றுதான் வித்தியாசம். திராட்டில் பாடி, ப்ளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், கம்ப்யூட்டர், சென்சார்கள், வயரிங் மொத்தமும் ஒரு வெட்டு விழாமல் உருவிக்கொண்டு வந்தேன். வயரிங்கை வெட்டாமல் எடுக்க மட்டும் ஒரு முழு நாள் ஆனது. அந்த மேனிபோல்டில் நடுவில் உள்ள நாலு போல்ட்டின் கோணம் என் பழைய ஹெட்டுக்குப் பொருந்தாது என்பதால் என் மேனிபோல்டையே வைத்து, அடாப்டர் தகடு போட்டுத் திராட்டில் பாடியை உட்காரவைத்தேன். மேல் வேலை ஒரே சனிக்கிழமையில் முடிந்தது. நாளைக்கு ஓட்டலாம் என்று உன் தங்கச்சியிடம் சொன்னேன். அதற்கப்புறம் நாலு மாதம் ஆனது.

நாலு மாதமும் தின்றது டாங்க்கும் லைனும் எர்த்தும்.

முதலில் பம்பு. கார்புரேட்டருக்கு ஆறேழு பவுண்டு அழுத்தம் போதும். என் திராட்டில் பாடிக்கு 9 முதல் 13 வரை வேண்டும், அதோடு மிஞ்சியது திரும்பி டாங்க்குக்குப் போக ஒரு ரிட்டர்ன் லைனும் வேண்டும். நீ செய்யப்போவது மாதிரியே ஒரு எலக்ட்ரிக் பம்பைப் பிரேமில் கட்டினேன். மின்சார பம்பு தள்ளும், உறிஞ்சாது. கால் டாங்க்கில் மேட்டில் நின்றால் காற்றை இழுத்து எஞ்சின் அணைந்துவிடும். ஜூலை வெயிலில் லைனுக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். கடைசியில் 1987 மாடல் டாங்க்கை, உள்ளேயே பம்பு வைத்தது, தேடி எடுத்து மாட்டினேன். அன்றோடு அந்தச் சனியன் விட்டது. உன் ஜீப்பில் சீட்டுக்கு அடியில் டாங்க். உனக்கு இது என்னைவிட முக்கியம்.

இப்போது சொல்லப் போவதை ரெண்டு தடவை படி.

டாங்க் மாற்றுவதற்கு முன்னால், ஆகஸ்டில் ஒரு சாயங்காலம். வயரிங் முழுசாக முடியாததால், எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் அவசரத்தில் பம்புக்கு நேராக பாட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்திருந்தேன். லைனில் பழைய கார்புரேட்டர் ஹோஸ், அதில் சாதா திருகுக் கிளாம்ப். பத்து நிமிஷம் அழகாக ஓடியது. நான் டைமிங் லைட்டைப் பிடித்துக் குனிந்திருந்தேன். 'பட்' என்று ஒரு சத்தம். ஹோஸ் வாயிலிருந்து கழன்று, சுடச்சுட இருந்த எக்ஸாஸ்ட் மேனிபோல்டின் மேல் பெட்ரோல் பீய்ச்சியது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி 'சொய்ங்' என்று விழுந்து, வெள்ளை ஆவியாக எழும்பி, ஒவ்வொரு சொட்டும் ஒரு வட்டக் கறையை விட்டுப்போனது. ஓடிப்போய்ச் சாவியை அணைத்தேன். எஞ்சின் நின்றது, பம்பு நிற்கவில்லை. நேராக பாட்டரியில் அல்லவா கட்டியிருந்தேன். டெர்மினலைப் பிடுங்கினால் பொறி பறக்கும் என்ற நினைப்பு வந்து கை நடுங்கியது. கடைசியில் லைனில் இருந்த ஃபியூஸைப் பிடுங்கினேன். கராஜ் வாசலில் சின்னவள் நின்றுகொண்டிருந்தாள், மாப்ளே. தீப்பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. மூன்று வாரம் அந்தப் பானட்டைத் திறக்கவே இல்லை.

அது வெறும் 12 பவுண்டு. நீ வாங்கி வைத்திருக்கும் மாருதி பம்பு 3 பார், அதாவது 43 பவுண்டு. உன் உட்காருகிற இடத்துக்குக் கீழே.

அதனால் கேள். ஹோஸ் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்கு. ஜே30ஆர்7 என்றால் கார்புரேட்டருக்கானது, ஜே30ஆர்9 என்றால் இன்ஜெக்ஷனுக்கானது. எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் ஸ்டீல் பைப், அசையும் இடத்தில் மட்டும் ஹோஸ். ஓட்டை போட்ட திருகுக் கிளாம்ப் ரப்பரை அறுக்கும், ஓரம் மடிந்த கிளாம்ப் போடு. பம்புக்கு ஒருநாளும் நேர் கரண்ட் கொடுக்காதே. கம்பெனி வண்டியில் சாவி போட்டால் ரெண்டு செகண்ட் பம்பு ஓடி நிற்கும், டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து எஞ்சின் சுற்றுகிற சிக்னல் வந்தால்தான் மறுபடி ஓடும். வண்டி கவிழ்ந்து எஞ்சின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும் என்பதற்குத்தான் அது. மோதினால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றும் தனியாகக் கிடைக்கும், அதையும் சேர்த்து வை. அப்பறம் சோதனை ஓட்டத்தின்போது பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டரோடு ஒரு ஆள். நீ கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் பண்ணியதையும், உன் இடது புருவம் கல்யாண போட்டோவில் எப்படி இருந்தது என்பதையும் தங்கச்சி மறந்திருக்க மாட்டாள்.

இன்னொன்று, மாருதி கம்ப்யூட்டர். அதற்குள் இருக்கும் கணக்கு மாருதி எஞ்சின் மூச்சு விடுகிற கணக்கு. உன்னுடையது ஹரிக்கேன் எஞ்சின், 2.2 லிட்டர், இன்டேக் வால்வு ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில். இன்டேக் பாதையே ஹெட்டோடு சேர்த்து வார்த்தது. நாலு இன்ஜெக்டரை எங்கே செருகுவாய்? கார்புரேட்டர் உட்காரும் இடத்தில் ஒற்றைத் திராட்டில் பாடி வைப்பதுதான் அந்த எஞ்சினுக்கு நேர்வழி. கம்ப்யூட்டரும் மெகாஸ்கொயர்ட் மாதிரி, கணக்கை நாமே எழுதிக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும். பாயின்ட் டிஸ்ட்ரிபியூட்டரை நம்பாதே, புல்லியில் பல்சக்கரம் போட்டுச் சிக்னல் எடு. வண்டியின் ஒரிஜினல் அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவில் வரும், ஆர்.டி.ஓ. ஆபீஸில் முன்கூட்டியே கேட்டுவிடு.

எர்த் பற்றி ஒரு வார்த்தை. என் ஐட்லிங் ஒரு மாதம் ஊஞ்சலாடியது. நிமிஷத்துக்கு 500 சுற்று, 900, 500, 900. சென்சார் மூன்றை மாற்றினேன், பைசா தண்டம். கடைசியில் மீட்டரை வைத்தால் எஞ்சினுக்கும் பாட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவே 0.4 வோல்ட். பெயின்ட்டைச் சுரண்டி, தடிமனான புது எர்த் பட்டை போட்டதும் 650இல் ஆணி அடித்த மாதிரி நின்றது. அதே மாதிரி, புகையில் உள்ள ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கட் லேசாகக் கசிந்தாலும் போதும், வெளிக்காற்றைப் பார்த்து லீன், அதாவது பெட்ரோல் குறைவு, என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொட்டும். எச்சரிக்கை விளக்கு, லீன் என்பதற்கான எண்ணான 44ஐக் கண்சிமிட்டிக் காட்டியும் நான் ரெண்டு வாரம் இன்ஜெக்டரையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, நல்ல செய்தி. போன சனிக்கிழமை காலை மைனஸ் 12 டிகிரி. சோக் இல்லை, மிதிக்கவில்லை, சாவியைத் திருப்பினேன், ரெண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. குடும்பத்தோடு கிளம்பினோம். பெரியவன் மடியில் லேப்டாப். கம்ப்யூட்டர் தன் கணக்கில் எவ்வளவு திருத்தம் செய்கிறது என்பதை ஒரு எண்ணாகக் காட்டும். 128 என்றால் திருத்தமே இல்லை, கூடினால் பெட்ரோல் சேர்க்கிறது, குறைந்தால் கழிக்கிறது. அவன் வழி முழுக்க வாசித்துக்கொண்டே வந்தான். வீட்டில் 127. ஜார்ஜ்டவுன் ஏற்றத்தில் 125. சுரங்கப்பாதை வாயில் 126. புகை இல்லை, வாடை இல்லை. மேஸ்திரி இருந்திருந்தால் அந்த லேப்டாப்பைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார், பின்னால் போய்ச் சைலன்சரில் விரலை விட்டுத் தடவிப் பார்த்திருப்பார். நானும் சுரங்கம் தாண்டி நிறுத்தி, அப்படியே தடவிப் பார்த்தேன். லேசான சாம்பல் நிறம், மாப்ளே. அவர் காட்டுவாரே, அதே நிறம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

லிட்டருக்கு நாலரை கொடுத்தது இப்போது ஐந்தரை கொடுக்கிறது. முழு மிதியில் பழைய இழுவை கொஞ்சம் குறைவு, இந்தத் திராட்டில் பாடி குவாட்ராஜெட் அளவுக்குக் காற்று விடாது. அந்த 'ஹோ' சத்தமும் போய்விட்டது. அதை மட்டும் தினம் தேடுகிறேன். குவாட்ராஜெட்டைக் கழுவி, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். விற்கமாட்டேன்.

உன் சோலெக்ஸ் கார்புரேட்டரையும் தூக்கிப் போட்டுவிடாதே. இப்போது ஒன்று செய். சீட்டைத் தூக்கி, டாங்க்கின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் டேப் பிடித்து எடு. மேலே பம்பு இறக்க ஓட்டை போடுகிற அளவுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்து நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு. டாங்க்கை நீயே துளைக்கவோ வெல்டிங் வைக்கவோ கிளம்பாதே, காலி டாங்க்தான் ஆபத்து. மார்ச்சில் நான் வருகிறேன், பதினைந்து நாள் லீவு சொல்லியாகிவிட்டது. ஹோஸும் கிளாம்பும் கட்ஆஃப் சுவிட்ச்சும் பெட்டியில் கொண்டுவருகிறேன். அதுவரை அந்த மாருதி பம்பை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தங்கச்சியிடம் கொடு. கொடுத்துவிட்டதாக அவளை எனக்கு ஒரு மெசேஜ் போடச் சொல்.

உன்,
பழைய ரூம்மேட்