கேட்பதாக இருந்தால் பிரித்துக் கேளுங்கள்

ஒரே நேரத் தேர்தல் மசோதாவை ஆராயும் நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்திலிருந்து ஒரு வாக்காளர் எழுதும் திறந்த மடல்.

வணக்கம்.

மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்தச் சொல்லி உங்கள் முன் இருக்கும் 129-ஆவது அரசியல் சட்டத் திருத்த மசோதாவை மக்கள் விரும்புகிறார்கள் என்பதற்கு ஒரு கணக்கை எல்லோரும் எடுத்துக் காட்டுகிறார்கள். இந்த யோசனையை ஆராய்ந்த ராம்நாத் கோவிந்த் குழு 2024 மார்ச் 14 அன்று குடியரசுத் தலைவரிடம் கொடுத்த 18,626 பக்க அறிக்கையில் உள்ள கணக்கு அது. பொதுமக்களிடமிருந்து 21,558 கருத்துகள் வந்தன, அவற்றில் 80 விழுக்காடு ஆதரவு என்கிறது அறிக்கை. அந்த ஆண்டு நாட்டின் வாக்காளர்கள் 96.88 கோடிப் பேர். வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 45,000 பேருக்கு ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார்.

கருத்துக் கேட்கும் அறிவிப்பு வந்தது ஜனவரி 5-ஆம் தேதி. கடைசி நாள் ஜனவரி 15. அன்று பொங்கல். தமிழ்நாட்டைக் குறிவைத்து யாரும் அந்தத் தேதியை வைத்திருக்க மாட்டார்கள், அப்படிச் சொல்ல வரவில்லை. ஆனால் இங்கே தேயிலைத் தோட்டத்து வீடுகளில் அந்த அறிவிப்பைப் பார்த்தேன் என்று சொன்ன ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

அதனால் பொது வாக்கெடுப்பு நடத்துங்கள் என்று கேட்கப் போகிறேன் என நினைத்துவிடாதீர்கள். நம் அரசியல் சட்டத்தில் அதற்கு வழி இல்லை என்பது தெரியும். ஜூனாகத்தில் 1948-லும், கோவாவில் 1967-லும், சிக்கிமில் 1975-லும் நடந்தவை அந்தந்தப் பகுதி மக்களுக்கான வாக்கெடுப்புகள். புதுச்சேரிக்காகக் கீழூரில் 1954-ல் ஓட்டுப் போட்டவர்கள் 178 மக்கள் பிரதிநிதிகள் மட்டுமே. நாடு முழுவதையும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல அழைத்ததே கிடையாது. அப்படி அழைத்தாலும் நான் கொஞ்சம் பயப்படுவேன். காரணம் எங்கள் குடும்பக் கதையில் இருக்கிறது.

நாங்கள் சிலோன்காரர்கள். அரசாங்கக் காகிதத்தில் தாயகம் திரும்பியோர். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. பிறகு 1974-ல் அந்த மீதியை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். போகிறாயா இருக்கிறாயா என்று விண்ணப்பம் நிரப்பச் சொன்னார்களே ஒழிய, இப்படி ஒரு ஒப்பந்தம் போடலாமா என்று அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல அவர்களிடம் ஓட்டு இல்லை. 1948-ல் குடியுரிமை போனது, அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது. தாத்தா தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் டேன்டீ என்னும் தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். இந்தத் தோட்டங்களே எங்களைப் போன்றவர்களைக் குடியமர்த்தத்தான் 1968-ல் தொடங்கப்பட்டன.

பெரியம்மா வரவில்லை. ஹட்டன் பக்கம் தங்கிவிட்டார். அவருக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது, கூடவே ஓட்டும். அந்த ஓட்டை அவர் போட்ட முக்கியமான சந்தர்ப்பம் ஒரு தேசிய வாக்கெடுப்பு. 1982 டிசம்பர் 22. நாடாளுமன்றத் தேர்தல் நடத்தாமல், அப்போது இருந்த நாடாளுமன்றத்தின் காலத்தையே இன்னும் ஆறு ஆண்டு நீட்டிக்கலாமா என்று ஜனாதிபதி ஜெயவர்த்தன கேட்டார். நீட்டிக்கலாம் என்றால் விளக்கு, வேண்டாம் என்றால் குடம். 54.66 விழுக்காடு விளக்குக்கு விழுந்தது.

பெரியம்மா விளக்குக்குத்தான் போட்டார். ஏன் என்று போனில் ஒருமுறை கேட்டேன். "தொழிற்சங்கத்துல விளக்குன்னாங்க, போட்டோம்" என்றார். அதில் தப்பு ஒன்றும் இல்லை என்றே நினைக்கிறேன். சங்கத் தலைவர் தொண்டமான் அப்போது அமைச்சர். குடியுரிமை வாங்கித் தருகிற, சம்பளம் பேசித் தருகிற சங்கம் சொன்னது. பதவிக்காலச் சட்டத்தை அலசிப் பார்த்துவிட்டா ஒரு தோட்டத் தொழிலாளி ஓட்டுப் போடுவார்? நம்புகிறவர் சொல்வதைக் கேட்பார். படித்தவர்களும் இதையேதான் செய்கிறார்கள், என்ன, அவர்கள் நம்புகிறவர் தொலைக்காட்சியில் வருவார்.

விளக்கா குடமா என்ற கேள்விக்குள் வேறு பல கேள்விகள் இருந்தன. ஜெயவர்த்தனவைப் பிடிக்குமா, சங்கத்தை நம்புகிறாயா, அரிசி விலை எப்படி, தேர்தல் என்றால் தோட்டத்தில் அடிதடி வருமா. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓட்டுச் சீட்டில் ஒரே புள்ளடிக் குறி. அடுத்த ஆண்டு ஜூலையில் தமிழர்கள் மேல் நடந்த வன்முறை உங்களுக்கே தெரியும். அதைப் பார்த்த பிறகு தன் பதிலை மாற்றிக்கொள்ள நினைத்த வாக்காளருக்கு அடுத்த நாடாளுமன்றத் தேர்தல் 1989 பிப்ரவரியில்தான் வந்தது.

சரி, இலங்கைக் கதைக்கும் உங்கள் மசோதாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இரண்டுமே ஒரு சபை எத்தனை ஆண்டு இருக்கலாம் என்பதைப் பற்றியவை. உங்களுடையது நீட்டிப்பதில்லை, குறைக்கிறது. அது பெரிய வித்தியாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் பல கேள்விகளை ஒரே மூட்டையாகக் கட்டி வைப்பதில் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன.

மசோதாவில் நான் புரிந்துகொண்ட வரை இவை இருக்கின்றன. மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல். அதற்கு வசதியாக, குறித்த தேதிக்குப் பிறகு தேர்ந்தெடுக்கப்படும் சட்டமன்றங்கள் எல்லாம் மக்களவையோடு சேர்ந்து முடிந்துவிடும். இடையில் ஒரு சபை கலைந்தால் புதிதாக வருவது மிச்சக் காலத்துக்கு மட்டும். ஏதாவது ஒரு மாநிலத்தில் சேர்த்து நடத்த முடியாது என்று தேர்தல் ஆணையம் கருதினால் தள்ளிவைக்கச் சொல்லிப் பரிந்துரைக்கலாம். இவை நான்கும் வேறு வேறு விஷயங்கள். ஒன்றை ஆதரித்து இன்னொன்றை எதிர்க்க ஒருவருக்கு நியாயமான காரணம் இருக்கலாம்.

என் மாமியார் கொழுந்து பறிக்கிறவர். அவரிடம் முதல் விஷயத்தை மட்டும் சொன்னேன். "ஒரே நாள்ல முடிஞ்சா நல்லதுதானே, ரெண்டு தடவை எதுக்கு மைக்கு செட்டும் ஜீப்பும்" என்றார். அப்புறம் இரண்டாவதைச் சொன்னேன். 2029 மக்களவையை வைத்துத் தேதி குறித்தால், தமிழ்நாட்டில் 2031-ல் நாம் தேர்ந்தெடுக்கும் சட்டமன்றம் 2034-ல் முடிந்துவிடும், மூன்றே ஆண்டு. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அஞ்சு வருசத்துக்குன்னு சொல்லி ஓட்டு கேக்கக் கூடாதே" என்றார். கோவிந்த் குழுவின் கணக்கில் இவரை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்? அவரிடம் இரண்டு பதில் இருக்கிறது. இரண்டும் யோசித்துச் சொன்னவை.

தமிழ்நாட்டு வாக்காளர்கள் தனித்தனியாகக் கேட்டால் தனித்தனியாகப் பதில் சொல்லிக் காட்டியவர்கள். 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் 39 தொகுதிகளில் 37-ஐ தி.மு.க. – இந்திரா காங்கிரஸ் கூட்டணிக்குக் கொடுத்தார்கள். அ.தி.மு.க.வுக்கு இரண்டே இரண்டு. எம்.ஜி.ஆர். மேல் மக்களுக்கு நம்பிக்கை போய்விட்டது என்று பிப்ரவரியில் அவர் ஆட்சியைக் கலைத்தார்கள். மே மாதக் கடைசியில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. அதே மக்கள் அ.தி.மு.க.வுக்கு 129 இடம் கொடுத்து எம்.ஜி.ஆரையே திரும்ப உட்காரவைத்தார்கள். 1989-ல் தலைகீழாக நடந்தது. ஜனவரியில் தி.மு.க.வுக்கு ஆட்சியைக் கொடுத்துவிட்டு, நவம்பரில் மக்களவைக்கு அதே தி.மு.க.வுக்கு ஓர் இடம்கூடக் கொடுக்கவில்லை. மக்கள் குழம்பிப்போய்ச் செய்ததில்லை இது. டெல்லிக்கு யார், கோட்டைக்கு யார் என்று பிரித்துப் பார்த்தார்கள்.

1984, 1991, 1996 ஆகிய மூன்று முறையும் இரண்டையும் சேர்த்து நடத்தினார்கள். மூன்று முறையும் மக்களவையை அள்ளிய அணியே சட்டமன்றத்தையும் அள்ளியது. சேர்த்து நடத்தியதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். 1984-ல் இந்திரா காந்தி கொலையும் எம்.ஜி.ஆரின் நோயும், 1991-ல் ராஜீவ் காந்தி கொலையும் சேர்ந்துகொண்டன. ஒடிசாவில் 2019-ல் ஒன்றாக ஓட்டுப் போட்டவர்கள் மக்களவையில் பா.ஜ.க.வுக்கு 21-ல் 8 இடம் கொடுத்துவிட்டு, சட்டமன்றத்தில் பிஜு ஜனதா தளத்துக்கே பெரும்பான்மை கொடுத்தார்கள். ஆக, முடியாது என்றில்லை. ஆனாலும் இதைப் பற்றி எங்களிடம் பேசாமலேயே முடிவெடுக்கலாம் என்கிற அளவுக்குச் சின்ன விஷயமும் இல்லை.

இந்த மலையில் ஓட்டை எப்படித் தீர்மானிக்கிறோம் என்று சொல்கிறேன். நீலகிரி மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஊட்டி, குன்னூர், கூடலூர் மூன்றும் மலைமேல். மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் மூன்றும் கீழே. மக்களவைத் தேர்தல் என்றால் பேச்சில் பாதி கீழ்நாட்டுப் பேச்சாக இருக்கும், பவானி தண்ணீர், பனியன் கம்பெனி என்று. நியாயம்தான், அவர்களும் வாக்காளர்கள். எங்களுக்கு அந்தத் தேர்தலில் ஒரு பெரிய கேள்வி உண்டு, பசுந்தேயிலை விலை. தேயிலை வாரியம் மத்திய அரசின் கையில். ஹட்டி என்று சொல்லும் படகர் ஊர்களில் சிறு விவசாயிகள் எம்.பி.யைப் பார்த்ததும் முதலில் கேட்பது அதைத்தான்.

சட்டமன்றத் தேர்தல் வந்தால் பேச்சு மாறிவிடும். சிறு விவசாயிகளின் இண்ட்கோ கூட்டுறவுத் தேயிலை ஆலைகள் மாநில அரசிடம். டேன்டீ மாநில அரசிடம். 2022-ல் டேன்டீ நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க முடிவானபோது, எங்கள் வேலையும் வீடும் என்னாகும் என்று நாங்கள் கேட்டது சென்னையைப் பார்த்து. கூடலூரில் 'செக்சன் 17' என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1969 ஜென்மி நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கி, உரிமை யாருக்கு என்று தீராமல் கிடக்கும் நிலம். பட்டா இல்லை, அதனால் மின் இணைப்பு வாங்கவே அலைச்சல். கூடலூர்த் தொகுதியில் எம்.எல்.ஏ. தேர்தலே அதைச் சுற்றித்தான். பிரதமர் யார் என்ற பேச்சு ஊரெல்லாம் நடக்கும் நாளில் செக்சன் 17-ஐ மேடையில் யார் பேசுவார்கள்? இதற்கு ஒரு பதிலை உங்கள் அறிக்கையில் எதிர்பார்க்கிறேன்.

செலவு, நடத்தை விதி என்று நீங்கள் சொல்லும் காரணங்களும் பொய்யில்லை. தேர்தல் அறிவித்தால் எங்கள் ரோடு வேலை அப்படியே நின்றுவிடுகிறது, மழைக்காலம் வந்தால் அதோடு சரி. அதிகாரிகள் காட்டு வழியில் வாக்கு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு பழங்குடிக் கிராமங்களுக்குப் போகிறார்கள். ஒரு தடவையோடு முடிந்தால் அவர்களுக்கும் நிம்மதிதான்.

ஆனால் அடிக்கடி தேர்தல் வருகிறதே என்று கவலைப்படும் மசோதா, வராத தேர்தலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரிலிருந்து 2019 கடைசி வரை ஊராட்சி மன்றங்களே இல்லை. பிறகு எங்கள் மாவட்டத்தில் தேர்ந்தெடுத்த ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு காலம் முடிந்தது. உடனே தேர்தல் வரவில்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள். யானை வந்து தெருவிளக்குக் கம்பத்தைச் சாய்த்தால் நாங்கள் போய் நிற்பது ஊராட்சி அலுவலகத்தில்தான். இதில் குற்றம் டெல்லியுடையது இல்லை என்று தெரியும். கோவிந்த் குழு உள்ளாட்சித் தேர்தலையும் நூறு நாளுக்குள் நடத்தலாம் என்றது, மசோதாவில் அதை விட்டுவிட்டார்கள். ஏன் என்று தெரிந்துகொள்ள ஆசை.

இப்போது கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். மசோதாவை நான்கு கேள்விகளாகப் பிரித்துக் கருத்துக் கேளுங்கள். ஆதரவு, எதிர்ப்பு என்ற இரண்டு கட்டத்துக்குள் எங்களைத் தள்ளாதீர்கள். மசோதாவின் முழு வாசகமும் தமிழில், ஒரு வாரம் முன்னதாகவே ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்படட்டும். கிராம சபை ஏற்கெனவே ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்றில் இதைப் படித்துக் காட்டி, ஒவ்வொரு கேள்விக்கும் தனியாகக் கை தூக்கச் சொல்லி எண்ணி எழுதலாம். சட்டப்படி அது உங்களைக் கட்டுப்படுத்தாது, தெரியும். 21,558 கருத்துகளும் யாரையும் கட்டுப்படுத்தவில்லை, ஆனால் எல்லோரும் அதை மேற்கோள் காட்டுகிறார்களே.

நடக்கிற காரியமா என்று சிரிக்காதீர்கள். ஒடிசாவில் நியமகிரி மலையைச் சுற்றி 2013-ல் பன்னிரண்டு கிராம சபைகளைக் கூட்டி, பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று கேட்டார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி கேட்டார்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. அங்கே கேள்வி ஒன்றுதான், யாருக்கும் குழப்பமில்லை.

குழு தமிழ்நாட்டுக்கு வந்து கருத்துக் கேட்பதாக இருந்தால் சென்னை ஓட்டலோடு நிறுத்திக்கொள்ளாமல் இந்தப் பக்கமும் வாருங்கள். ஊட்டி வேண்டாம், சேரம்பாடியிலிருந்து ஊட்டிக்கு பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கூடலூரிலோ பந்தலூரிலோ வையுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும், மற்ற நாளில் வந்தால் அன்றைய கூலி போய்விடும். மாலை ஐந்து மணிக்குள் முடித்துவிடுங்கள், இருட்டியபின் யானை நடமாட்டம் இருக்கும். மலையாளமும் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்தால் இன்னும் நிறையப் பேர் பேசுவார்கள்.

இப்படிக்கு,
டேன்டீ தோட்டக் குடியிருப்பு வாக்காளர் ஒருவர்,
சேரம்பாடி