பம்ப் அறைச் சுவரில் ஒரு வாசல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வில்லிவாக்கத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். போன மாதம் ஒரு பையன் வந்து, “மிஸ், எங்க அப்பார்ட்மென்ட் டேங்க் அடியில இருந்த தேன்கூட்டை ராத்திரி கொளுத்திட்டாங்க. காலையில முறத்துல அள்ளிக் கொட்டினாங்க” என்றான். வகுப்பே கைதட்டியது. எனக்கு மனசு ஆறவில்லை. இப்படி உயரமான கட்டடங்களில் கூடு கட்டும் மலைத்தேனீ, பருவம் மாறினால் தானாகவே கூட்டை விட்டுக் கிளம்பிவிடும். அதுவரை கிட்டே போகாமல், கல்லெறியாமல் இருந்தால் போதும்.

எனக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். அப்பா ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டி வைத்திருந்தார். ரப்பரில் தேன் சுரப்பது பூவில் அல்ல, தளிர் இலையின் காம்பில். ஐந்து வயதில் நானும் கூடவே போவேன். பெட்டி வாசலுக்கு நேரே நிற்காதே, கையை வீசாதே, அடைமேல் மூச்சு விடாதே. அப்பா சொல்லித் தந்தது அவ்வளவுதான். பயம் வரவே இல்லை.

சென்னைப் பள்ளிப் பிள்ளைகளும் இப்படித் தேனீயோடு பழக வேண்டும் என்கிறேன். அதற்காகப் பள்ளியில் கொட்டுகிற தேனீயை வளர்க்கச் சொல்லவில்லை. கொசுத்தேனீ என்று ஒரு சின்னஞ்சிறு தேனீ இருக்கிறதே, அதற்குக் கொட்டத் தெரியாது. எங்கள் பள்ளி பம்ப் அறைச் சுவரில், செங்கல் இடுக்கிலிருந்து பென்சில் பருமனில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. மெழுகும் மரப்பிசினும் குழைத்து அவை கட்டிய வாசல். மூன்று மூன்று பேராகப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். குழாய் விளிம்பில் காவல்காரத் தேனீக்கள் தலையை நீட்டிப் பார்த்தன. கைதட்டியவர்களில் ஒருத்தி குரலைத் தாழ்த்தி, “மிஸ், இது ரெண்டு கால்லயும் மஞ்சப்பை மாட்டிட்டு வருது” என்றாள். மகரந்தம், உள்ளே இருக்கும் குஞ்சுகளுக்குச் சோறு என்றேன். அப்புறம் மணி அடித்தும் யாரும் நகரவில்லை.

ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் நிழலான சுவரோரம் ஒரு கொசுத்தேனீப் பெட்டி வைக்கக் கல்வித்துறை உதவ வேண்டும். மண்பானை கூடப் போதும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் தேனீ வளர்ப்புப் பயிற்சி தருகிறார்கள், ஆசிரியர்களை அனுப்பலாம். உலகத் தேனீ நாளான மே 20 கோடை விடுமுறையில் போய்விடுகிறது. பொங்கல் முடிந்து பள்ளி திறந்ததும் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கினால் என்ன?

அடுத்த வாரம் பம்ப் அறைக்குப் பூச்சு வேலை. அந்தக் குழாயைச் சுற்றி ஒரு முழம் விட்டுப் பூசும்படி கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒன்றாம் வகுப்பு ஆசிரியை,
வில்லிவாக்கம், சென்னை